விரலுக்கு எட்டிய மழை

அச்சகத்தில் அவளுக்கு மிளகாய் என்று பெயர். யார் வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஏன் வைத்தார்கள் என்று யாரும் கேட்டதுமில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே வாசல் காவலாளியோடும், காகிதம் கொண்டுவந்த வண்டிக்காரரோடும், பசை வாளியை மூடாமல் விட்ட அச்சு அண்ணனோடும் சண்டை போட்டு முடித்துவிட்டு, வேறு யாராவது மிச்சமிருக்கிறார்களா என்று பார்த்தவள் அவள். சிலருக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அவளுக்கு அது ஒரு முழம் முன்னாலேயே நடந்து போகும்.

கோபத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. நாற்பது தாண்டியவள். அதில் ஏறக்குறையப் பாதிக் காலம் குழந்தைகளுக்கான படப்புத்தகங்கள் போடும் பதிப்பகம் ஒன்றில் ஓவியம் வரைந்தாள். வண்ணம்தான் அவளுக்குச் சோறு. கிளி வரைந்தால் ஒரே பச்சையில் முடிக்க மாட்டாள், நாலு பச்சையைக் குழைப்பாள். முதலாளி எட்டிப் பார்த்து, "பிரமாதம்மா" என்பார். அவசரத்தில் கிளியின் காலில் ஒரு விரல் கூடிப் போனாலும் பிரமாதம். அவளே மனசு ஒப்பாமல் ஒதுக்கி வைத்த படத்தையும் எடுத்துக்கொண்டு போய், பிரமாதம் என்று அச்சுக்கு அனுப்பிவிடுவார். கேட்டுக் கேட்டு, ஒரு கட்டத்தில் அவள் ஒதுக்குவதையே நிறுத்திவிட்டாள். பிறகு ஒருநாள் அதே முதலாளி, அதே நாற்காலியில் சாய்ந்துகொண்டு, அதே இனிப்பான குரலில், "நாளையிலேர்ந்து வர வேணாம்மா, படமெல்லாம் இனிமே வெளியில வாங்கிக்கிறோம்" என்றார். திட்டியிருந்தாலாவது திருப்பித் திட்டியிருக்கலாம். பிரமாதம் என்று சொன்ன வாயை என்ன செய்வது?

அவள் கணவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். பார்வையற்றவர்களுக்குப் புத்தகம் போடும் அச்சகத்தில் தண்ணீர் குளிர்விக்கும் இயந்திரத்தைப் பழுதுபார்க்கப் போனவர், சேதியோடு திரும்பி வந்தார்.

"அங்க படம் போட ஆள் வேணுமாம். இப்போதைக்குத் தற்காலிகம்தான். ஆனா நீ போடுற புத்தகத்தைக் கமிட்டி தேர்வு பண்ணிட்டா வேலை நிரந்தரமாம்."

"கண்ணு தெரியாத பிள்ளைங்களுக்குப் படமா? என்னைப் பாத்தா உங்களுக்கு நக்கலா இருக்கா?"

"தொட்டுப் பாக்குற படம்மா. மேடு மேடா இருக்குமாம்."

"நிறம்?"

"நிறம் எதுக்கு? ஃப்ரிட்ஜ் கதவ மூடினதும் உள்ள இருக்கிற தக்காளி என்ன நிறத்துல இருக்குன்னு யாருக்குத் தெரியும்? ஆனா தக்காளி இருக்குல்ல?"

கையில் இருந்த கரண்டியை அவர் பக்கம் வீசினாள். அவர் குனிந்து தப்பித்தார், பழக்கம். அடுத்த திங்கட்கிழமை அவள் வேலையில் சேர்ந்தாள்.

வேலை இதுதான். கெட்டி அட்டைமேல் நூல், கம்பி, மணல்தாள், துணி, பொத்தான் என்று ஒட்டி மூலப்பலகை ஒன்று செய்ய வேண்டும். நனைத்த தடித்தாளை அதன்மேல் விரித்து ரப்பர் உருளையால் அழுத்தினால், ஒட்டியதெல்லாம் தாளில் மேடாக எழும். ஒரு பகல் ஓர் இரவு காயவிட்டால் படம். அவளுக்குக் கொடுத்த கதை சின்னது. ஒரு சிறுமியின் பையிலிருந்து வீட்டுச் சாவி விழுந்து தொலைகிறது. எங்கெல்லாமோ தேடிக் கடைசியில் கிடைக்கிறது. நடுவில் மழை பிடித்துக்கொள்கிறது. பன்னிரண்டு பக்கம். மழை கொட்டும் பக்கம் தவிர மற்ற ஒவ்வொன்றிலும் எங்கோ ஒளிந்திருக்கும் சாவியைப் பிள்ளைகள் விரலால் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

எந்தப் பக்கமும் அச்சகத்தை விட்டு வெளியே போவதற்குமுன் ஒருத்தியின் விரலைத் தாண்டியாக வேண்டும். அவளை எல்லோரும் நீதிபதி என்றார்கள். உண்மையிலேயே சட்டம் படித்தவள்தான். வாதாட இடம் கிடைக்காமல் பிழை பார்க்க வந்தவள். பிறவியிலேயே பார்வை கிடையாது. மிளகாயைவிடப் பதினாறு பதினேழு வயது இளையவள். ஒரு காதில் எப்போதும் இயர்போன், அதில் ஏதாவதொரு கொலைக்கதை இரட்டை வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். வாயில் பெப்பர்மின்ட். அவள் அறையில் ட்யூப்லைட் எரியாமல் போய் வருடக்கணக்கு. அவளுக்குத் தேவைப்படவில்லை, போட்டுத் தரவா என்று அவளிடம் கேட்க மற்றவர்களுக்குத் துணிச்சல் வரவில்லை. மேசைமேல், தாளில் ஓட்டை போடும் பஞ்ச் ஒன்று. சரியில்லாத பக்கத்தின் மூலையில் அதை வைத்து ஒரு அழுத்து. டக். கண் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் ஒரே தீர்ப்பு. அந்தச் சத்தம் நடைபாதை முடிவில் உருளை தள்ளிக்கொண்டிருக்கும் அச்சு அண்ணனுக்கே கேட்கும்.

மிளகாய் முதலில் கொண்டுபோனது மழைப் பக்கத்தைத்தான். தெரு, மரம், மரத்துக்குப் பின்னால் பஸ், குடை பிடித்த சிறுமி, சாய்வாகக் கொட்டும் மழை. நிறம் இல்லாமலே தெருவைக் கண்முன் நிறுத்திவிட்டோம் என்ற பெருமை அவளுக்கு. அரைகுறை வெளிச்சத்தில் மேசைமேல் தாளை வைத்துவிட்டு, பிரமாதத்துக்காகக் காத்து நின்றாள்.

நீதிபதியின் இரண்டு கைகளும் பக்கத்தின்மேல் இறங்கின.

"என்னக்கா இது, முள்ளுவேலியா?"

"மழை."

"ஓ. இது?"

"மரத்துக்குப் பின்னாடி பஸ் நிக்குது."

"பஸ்ஸுக்குள்ளேர்ந்து மரம் முளைச்சிருக்கு."

"பின்னாடின்னு சொல்றேன்ல?"

"பின்னாடி இருக்கிறது என் விரலுக்கு எப்படித் தெரியும்? மரத்தைத் தூக்கிட்டுப் பாக்கவா?" பெப்பர்மின்ட் ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குப் போனது. "இந்தக் குடைக்குக் கீழ யாரு?"

"அந்தப் பொண்ணு."

"பாவம், ஒத்தக் காலா?"

"பக்கவாட்டுல நிக்கிறா. இன்னொரு கால் மறைஞ்சிருக்கு."

"எதுக்கு மறையணும்? என்ன தப்பு பண்ணுச்சு அந்தக் கால்?"

டக்.

நடைபாதையில் அச்சு அண்ணன் இருமுவதுபோலச் சிரித்தார். மிளகாய்க்குக் காது வரை கொதித்தது. அத்தனை வருடம் படம் வரைந்தவளை நேற்று முளைத்த ஒரு பெண், அதுவும் படமென்றால் என்னவென்றே பார்த்திராத ஒரு பெண், முள்ளுவேலி என்று சொல்லி ஓட்டை போடுகிறாள்.

"அப்போ எப்படித்தான் போடணும்? சொல்லித் தொலையேன்."

"எப்படிப் போடணும்னு எனக்கு எப்படிக்கா தெரியும்? நான் படம் போடுறவளா? எது கூடாதுன்னு வேணா சொல்றேன்." நீதிபதி ஒவ்வொரு விரலாக மடக்கினாள். "ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு வரக் கூடாது. ரெண்டு கோட்டுக்கு நடுவுல என் சுண்டுவிரல் போக இடம் வேணும். அரிசி மணி உயரத்துக்கு மேல மேடு வந்தா தாள் கிழியும். ஒரு பக்கத்துல அஞ்சு சாமானுக்கு மேல கூடாது, பிள்ளைங்க மறந்துடுவாங்க. படம் ரெண்டு உள்ளங்கைக்குள்ள அடங்கணும்."

"இதுக்குப் பேசாம வெறுந்தாளைக் குடுத்துடலாமே!"

"குடுங்க. அதுலயாவது ஓட்டை போட வேண்டியிருக்காது."

அன்றிலிருந்து ஆரம்பித்தது போர். மிளகாய் கொண்டுபோவாள், டக். திருத்திக் கொண்டுபோவாள், டக். வீட்டில் சாப்பாட்டு மேசை முழுக்க நூல்கண்டும் மணல்தாளும். கணவர் தன் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடப் பழகிவிட்டார்.

"இன்னைக்கு எத்தனை ஓட்டை?"

"பேசாம சாப்பிடுங்க."

"அந்தப் பொண்ணு பேசாம சல்லடை வியாபாரம் பண்ணலாம்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ராட்சசி, பிசாசு, விளங்காதவள் என்று தினமும் ஒரு பட்டம் சூட்டினாள். அந்தத் திட்டுக்கு நடுவில், தானே கவனிக்காமல், மறுபடி ஒதுக்க ஆரம்பித்திருந்தாள். ஒட்டிய நூலைத் தானே தடவிப் பார்த்து, இது அவளிடம் நிற்காது என்று தானே பிய்த்து எறிந்தாள். காலணிகளும் சாவியும் கதவும் ஒவ்வொன்றாகத் தேறின. மழை மட்டும் தேறவில்லை. கோடு போட்டால் வேலி. கோட்டைத் துண்டு துண்டாக்கினால், "சீப்பாக்கா?" புள்ளி வைத்தால், "அம்மை போட்ட மூஞ்சியா?"

ஒருநாள் காலையில் பொறுமை அறுந்தது. வீம்புக்கென்றே ஒரு பலகை செய்தாள். மரம் வேண்டாம், பஸ் வேண்டாம், குடை வேண்டாம், ரெண்டு காலோ ஒத்தக் காலோ அந்தப் பெண்ணும் வேண்டாம். வெறும் அட்டை. இடது ஓரத்தில் ஒரே ஒரு பாசிமணியை ஒட்டினாள். இந்தா, உனக்கு ஒரு துளி. நிறைய இடம் விட்டு இன்னொன்று. பிறகு கொஞ்சம் குறைவாக விட்டு இரண்டு. கை போகப் போகக் கோபம் ஏற, மணிகள் நெருங்கின. வலது ஓரத்துக்கு வந்தபோது மணிகளை அள்ளித்தான் கொட்டினாள். சுண்டுவிரலுக்கு இடம் வேண்டுமாம், இடம்! அங்கே ஊசிமுனைக்குக்கூட இடமில்லை.

தாள் காய்ந்ததும் கொண்டுபோய் மேசைமேல் அறைந்தாள். "மழை மழைன்னு என் உசுர வாங்கினியே, இந்தா, நல்லா நனை!"

நீதிபதி இடது ஓரத்தில் விரலை வைத்தாள். முதல் மணி தட்டியது. நின்றாள். நகர்ந்தாள். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை. இரண்டாவது மணி. தலை லேசாகச் சாய்ந்தது. மூன்றாவதும் நான்காவதும் சேர்ந்து வந்தன. விரல்கள் வேகம் பிடித்தன, ஒரு கை இரண்டு கையானது, வலது ஓரத்தைத் தொட்டபோது, நனையாமலிருக்க ஓடுகிறவள்போல அவள் தோள்கள் இரண்டும் காதுவரை ஏறிவிட்டன. காதிலிருந்து இயர்போனைக் கழற்றினாள். மறுபடி இடது ஓரத்துக்குப் போனாள்.

பஞ்ச் சத்தத்துக்காக மிளகாய் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். சத்தம் வரவில்லை.

"இது மழை" என்றாள் நீதிபதி.

"என்ன?"

"முதல் துளி விழும்போது யாரும் நம்ப மாட்டாங்க, இல்ல? யாரோ தண்ணி தெளிச்சுட்டாங்கன்னு நெனப்போம். ரெண்டாவது விழுந்தப்புறம்தான் ஓடுவோம். இதுல அது இருக்கு."

"இது... இது நான் உன்மேல இருந்த கோவத்துல ஒட்டினது."

"அதனால என்ன? மழைக்குத் தெரியவா போகுது?"

மிளகாய்க்கு அப்போது வந்த கோபம் எந்தக் கணக்கிலும் சேராதது. கழுவும் தொட்டியருகே போய் நின்று, குழாயைத் திறந்துவிட்டு, கைப் பசையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். கண் ஒரு பக்கத்தை ஒரே வாயில் விழுங்கிவிடுகிறது. விரலுக்கு அந்த வசதி இல்லை. அது இங்கிருந்து அங்கே நடந்துதான் போக வேண்டும். நடந்து போனால் முன்பு என்றும் பின்பு என்றும் வந்துவிடுகிறது. இத்தனை காலம் அவள் வரைந்த அத்தனை மழையிலும், எல்லாத் துளியும் ஒரே நேரத்தில் விழுந்துகொண்டிருந்தன. ஒரு மழைகூட ஆரம்பித்ததில்லை. அதைப் பார்த்துவிட்டா அந்த மனிதர் பிரமாதம் என்றார்? ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "என்னம்மா இது முள்ளுவேலி" என்று சொல்லியிருக்கக் கூடாதா பாவி!

திரும்பி அறைக்கு வந்து வாசலில் நின்றாள். "இத நீ முதல்லயே சொல்லித் தந்திருக்கலாம்ல?"

"எனக்கே தெரியாதே. வேணாம் வேணாம்னு சொன்னேன், நீங்க போய் எதையோ கொண்டாந்தீங்க. உங்க டப்பாவுல இன்னைக்கு என்ன இருக்கு?" அவளுடைய சாப்பாட்டு டப்பாவைக் கேட்காமல் திறக்கும் உரிமையை நீதிபதி எப்போதோ எடுத்துக்கொண்டிருந்தாள்.

புத்தகம் முடிந்தது. கமிட்டி வரும் நாளும் குறித்தார்கள். தேர்வானால் நாட்டில் உள்ள பார்வையற்றோர் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் அது போகும். மிளகாயின் வேலையும் நிலைக்கும். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை, பொறுப்பாளர்.

பொறுப்பாளருக்கு அச்சகத்தில் 'பார்க்கலாம் சார்' என்று பெயர். ட்யூப்லைட்டா, பார்க்கலாம். கூரை ஒழுகுகிறதா, பார்க்கலாம். அப்படிப்பட்டவருக்கு இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சுறுசுறுப்பு பொத்துக்கொண்டு வந்தது. வருகிறவர்கள் எல்லாம் கண் தெரிந்தவர்கள், அவர்கள் கண்ணுக்கும் ஏதாவது வேண்டாமா? யாரிடமும் சொல்லாமல், காய்ந்த பக்கங்களை எல்லாம் வெளியே ஒரு பைண்டரிடம் கொடுத்து, கெட்டி அட்டை போட்டு, அதன்மேல் வழவழப்பான வண்ணப் படம் ஒட்டி வாங்கினார். அவர் கண்ணுக்கு ஏற்ற மாதிரி குடை, மரம், பஸ் எல்லாம் இருந்தது அதில்.

கமிட்டி வரும் நாள் காலையில்தான் புத்தகங்கள் வந்தன. மிளகாய் ஒன்றை எடுத்துப் பிரித்தாள். மேடான தாளில் எப்போதும் மெல்லிய நிழல் இருக்கும். இதில் நிழல் இல்லை. விரலால் தடவினாள். இஸ்திரி போட்ட சட்டை.

பைண்டர்மேல் தப்பில்லை. எல்லாப் புத்தகத்துக்கும் செய்வதைத்தான் அவர் இதற்கும் செய்தார். பசை தடவி, அடுக்கி, இரும்புப் பிடியில் வைத்து, திருகை இறுக்கி, ஓரிரவு அழுத்தத்தில் விட்டிருக்கிறார். கண்ணால் படிக்கிற புத்தகத்துக்கு அதுதான் அழகு. மேடெல்லாம் படுத்துவிட்டது. கதவு, சாவி, மழை, பிரெயில் எழுத்தின் புள்ளிகள், எல்லாம்.

"என்ன சார் இது?"

"ஏன், நல்லாத்தானே இருக்கு?"

"தடவிப் பாருங்க!"

பொறுப்பாளர் தடவிப் பார்த்தார். முகம் ஒரு கணம் வெளுத்தது. உடனே சரியாகிவிட்டது. "புதுசா அழுத்தினா?"

"காயறதுக்கு நாளைக்கு ஆயிடும். இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துடுவாங்க!"

"சரி விடும்மா, பதறாதே. அவங்க தொட்டா பாக்கப் போறாங்க? அட்டையைப் பாப்பாங்க, நம்ம பொண்ணு படிக்கிறதைக் கேப்பாங்க. அதுக்குத்தான் பன்னெண்டு பக்கமும் மனப்பாடமாச்சே. விரலைச் சும்மா ஓட்டிக்கிட்டே சொல்லிடும். தேர்வானப்புறம் ஒழுங்கா அடிச்சுக் குடுத்துட்டாப் போச்சு." வாசல் பக்கம் நின்றிருந்த நீதிபதியைப் பார்த்து, "என்னம்மா, சொல்லிடுவேல்ல?" என்றார்.

மிளகாய் நிம்மதியாகக் காத்திருந்தாள். இப்போது விழப்போகிற அறையில் இந்த மனுஷன் ஜென்மத்துக்கும் எழுந்திருக்க மாட்டார்.

"சரி சார்" என்றாள் நீதிபதி.

மிளகாய் தன் காதையே நம்பவில்லை. சுவரைத் தடவியபடி தன் இருட்டறைக்குப் போய்விட்டவளைப் பின்தொடர்ந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

"உனக்கென்ன கிறுக்குப் பிடிச்சிருக்கா?"

"உங்க வேலை நிலைக்கணும்ல."

"நான் உன்கிட்டக் கேட்டேனா? என் வேலைக்கு நீ சிபாரிசு பண்ணுன்னு நான் கேட்டேனா?"

"கத்தாதீங்கக்கா. என்ன பெரிய விஷயம்? எத்தனை இன்டர்வியூல பண்ணியிருக்கேன் தெரியுமா? 'படிச்சுக் காட்டும்மா'ம்பாங்க. வித்தை காட்டுற குரங்கு மாதிரி தடவித் தடவிப் படிப்பேன். கைதட்டுவாங்க. அப்புறம் வேலை இல்லைம்பாங்க." குரல் நடுங்கியது. கோபத்தில்தான். "எனக்குன்னா இன்னைக்குச் செய்ய மாட்டேன். இது நல்ல புத்தகம். அதுக்குன்னா செய்வேன்."

"வாய மூடு!" மேசையில் இருந்த பஞ்சை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள் மிளகாய். "எத்தனை ஓட்டை போட்ட எனக்கு? அத்தனையும் நெஜம்னு நம்பித்தானேடி நான் ஒவ்வொரு தடவையும் திரும்ப உக்காந்து ஒட்டினேன்? உன்னைத் திட்டாத நாள் கிடையாது. ஆனா நீ பொய் சொல்றேன்னு ஒரு நாள் நெனச்சதில்ல. இன்னைக்கு வெறுந்தாளைத் தடவிட்டு நீ மழைன்னு சொன்னா, அன்னைக்கு 'இது மழை'ன்னு சொன்னியே, அது என்ன ஆகும்? அதுவும் பிரமாதம் ஆயிடும். அந்த வார்த்தைய நான் ஒரு ஆயுசுக்கு வேண்டிய அளவு கேட்டுட்டேன்!"

நீதிபதியின் விரல்கள் பஞ்சின்மேல் மூடின. பெப்பர்மின்ட் கடிபடும் சத்தம் கேட்டது. வெளியே வண்டி வந்து நின்றது.

கமிட்டியில் மூன்று பேர். தலைவி அம்மாவின் கழுத்தில் சங்கிலியில் தொங்கியது கண்ணாடி. கூட்ட அறையில் புத்தகம் கைமாறியது. "அட்டை ரொம்ப அழகு" என்றார் ஒருவர். இன்னொருவர் உள்ளே பிரித்து, "பக்கமெல்லாம் சுத்தமா, வெள்ளையா இருக்கே" என்று பாராட்டினார். "அதுதான் சார் நம்ம தரம்" என்றார் பொறுப்பாளர். அவர் நாக்கு அழுகிவிடாமல் எப்படி இருக்கிறது என்று மிளகாய் ஆச்சரியப்பட்டாள்.

"யாராவது படிச்சுக் காட்டுங்களேன்" என்றார் தலைவி.

பொறுப்பாளர் புத்தகத்தை நீதிபதியின் முன் நகர்த்தினார். அது அவள் கையைத் தொடுவதற்குள் மிளகாய் எட்டித் தள்ளிவிட்டாள். நீதிபதியின் மேசை அலமாரியிலிருந்து தான் எடுத்து வந்திருந்த தாள்கட்டை அந்த இடத்தில் போட்டாள். கடைசியாகத் தேறிய சோதனைப் பக்கங்கள். அட்டை கிடையாது, தைக்கவில்லை, ஓரமெல்லாம் பசைக்கறை, ஒன்றில் நீதிபதி சிந்திய காபி.

"இதுதான் புத்தகம். அது வெறும் அட்டை."

"அம்மா, இத அப்புறம் பார்க்கலாம்..." பொறுப்பாளர் எழுந்துவிட்டார்.

"யாரு பாக்கிறது சார்? நீங்களா? நீங்க பாத்துத்தான் அது அப்படிப் படுத்துக் கெடக்கு. உக்காருங்க!"

அவர் உட்கார்ந்துவிட்டார். ஏன் உட்கார்ந்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

நீதிபதி இயர்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். முதல் பக்கத்தில் கை இறங்கியது. படிக்கப் படிக்க அவள் குரல் மாறியது. வித்தை காட்டும் குரல் போய், கொலைக்கதையில் மூழ்கியவளின் குரல் வந்தது. சாவியைத் தேடினாள், கண்டுபிடித்தாள், அடுத்த பக்கம் போனாள். மழை வந்தது. ஒரு துளி. தோள்கள் ஏறின. தலைவி அம்மா தன்னையறியாமல் நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டார்.

நீதிபதி அடுத்த பக்கத்தில் கை வைத்தாள். நின்றாள். மழைக்குத் திரும்பினாள். மறுபடி அடுத்த பக்கம். புருவம் சுருங்கியது.

"அக்கா."

அந்தக் குரல் மிளகாய்க்குத் தெரியும். "இப்ப என்ன?"

"மழை எங்க நிக்குது?"

"பக்கம் முடியிற இடத்துல நிக்குது."

"குழாய மூடின மாதிரியா?"

"அதுக்கு மேல இடம் இல்ல, மழை நிக்குது. என்ன இப்போ?"

"அவ்வளவு மழை அடிச்சுட்டு, அடுத்த பக்கத்துல தரை காஞ்சு போய்க் கெடக்கு. மழை விட்டும் தூவானம் விடலைன்னு நீங்க கேட்டதே இல்லையா?"

"இத ஏன்டி அன்னைக்கே சொல்லல?"

"அன்னைக்கு ஒவ்வொரு பக்கமாக் கொண்டாந்தீங்க. இன்னைக்குத்தானே ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணாத் தொடுறேன்!" இன்னும் கையில் வைத்திருந்த பஞ்சை அந்தக் காய்ந்த தரைப் பக்கத்தின் மூலைக்குக் கொண்டுபோனாள்.

"ஏய்! கமிட்டி முன்னாடியா?"

டக்.

"அடிப் பாவி! என் பொழப்புலயே ஓட்டை போட்டுட்டியே!"

"தூவானம் எங்கக்கா? அத முதல்ல சொல்லுங்க!"

"எங்க ஒட்டச் சொல்ற? அந்தப் பக்கத்துல ஏற்கெனவே அஞ்சு சாமான் இருக்கு. நீதானே அஞ்சுக்கு மேல கூடாதுன்ன?"

"அப்போ ஒண்ணை எடுங்க!"

"எத எடுக்க? கதவையா? உன் தலையையா?"

இருவருக்கும் அறையில் வேறு ஆட்கள் இருப்பதே மறந்துவிட்டது. தலைவி அம்மா வண்ண அட்டைப் புத்தகத்தை எடுத்தார். மழைப் பக்கத்தைப் பிரித்து, தன் விரலை வைத்து ஓரத்திலிருந்து ஓரத்துக்கு ஓட்டினார். பிறகு ஓட்டை விழுந்த பக்கத்துக்கு முந்தின தாளை இழுத்து, அதன்மேல் அதே விரலை ஓட்டினார். நடுவில் நின்றார். பொறுப்பாளர் பக்கம் திரும்பினார்.

"இந்தப் புத்தகத்துல மழை எங்கங்க?"

"பார்க்கலாம் மேடம்" என்றார் பொறுப்பாளர்.

அன்று எதுவும் தேர்வாகவில்லை. சரியாகச் செய்து முடித்துவிட்டுக் கூப்பிடுங்கள் என்று சொல்லி எழுந்து போனார்கள். வேலை நிரந்தரம் ஆவது என்ன ஆயிற்று என்று கேட்டதற்குப் பொறுப்பாளர் தன் வழக்கமான ஒற்றைச் சொல்லைக்கூடச் சொல்லவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கமிட்டி முன்னாடியே கத்தினியா?" என்றார் கணவர், மடியில் தட்டோடு. "சரி விடு. மிளகாய்னு பேர் வெச்சுட்டு இனிக்கணும்னா எப்படி?"

அவள் தூவானப் பக்கத்தின் பலகையை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஐந்துக்கு மேல் கூடாது. சுவர், கதவு, படி, செருப்பு, சாவி. எதை எடுப்பது? படியில் ஒரு விரலை வைத்தாள், மெதுவாக நகர்த்தினாள். எதையும் எடுக்க வேண்டியதில்லை. துளி தனியாக விழுந்தால்தானே ஆறாவது சாமான்?

தாள் காய்ந்த அன்று இருட்டறைக்குப் போனாள். நீதிபதியின் விரல் கதவில் தொடங்கியது. கதவின் மேல் சட்டத்தில் ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது. சுவர். படி. வெகுதூரம் ஒன்றுமில்லை. செருப்பு வந்தது, அதன் நுனியில் ஒன்று. பிறகு நீண்ட உலர்ந்த தரை. மழை விட்டுவிட்டது என்று விரல் நம்பத் தொடங்கிய இடத்தில் சாவி. சாவியின் வளையத்தில் ஒன்று.

"அக்கா, சாவி நனைஞ்சிருக்கு."

"பின்னே? மழையில கெடந்த சாவி நனையாம இருக்குமா?"

நீதிபதி விரலை எடுக்கவில்லை. பஞ்ச் மேசைமேல் அப்படியே கிடந்தது.

"வாயத் தொறந்து நல்லாயிருக்குன்னு சொன்னா முத்து உதிர்ந்துடுமா?"

"உதிர்ந்துடும்" என்றாள் நீதிபதி. "டப்பாவுல என்ன?"

அடுத்த தடவை கமிட்டி வந்தபோது புத்தகம் தேர்வாகிப் போனது, வண்ண அட்டை இல்லாமல், நூலில் தைத்து. மிளகாயின் வேலை இன்னும் தற்காலிகம்தான். கேட்டால் பார்க்கலாம். கோபமும் குறைந்தபாடில்லை. புத்தகப் பெட்டிகளை யாராவது படுக்க வைத்துவிட்டால் நடைபாதை அதிரக் கத்துகிறாள். "நிக்க வைங்கடா! மழை நசுங்கிடும்!" ஒவ்வொரு பெட்டியிலும் கொட்டை எழுத்தில் அதையே எழுதியும் ஒட்டுகிறாள், போகிற இடத்தில் இருக்கும் முகம் தெரியாத ஆட்களையும் விட்டுவைக்க மனமில்லாமல்.

இப்போது காற்றைப் பற்றி ஒரு கதை கொடுத்திருக்கிறார்கள். முதல் பக்கத்தை நேற்று கொண்டுபோனாள்.

"என்னக்கா இது, சிக்கெடுக்காத தலைமுடியா?"

டக்.

"விளங்காதவளே" என்று திட்டிக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். பசை வாளி மறுபடியும் மூடாமல் கிடந்தது. "அண்ணே!" என்று கத்தியபடி அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.